பள்ளிக்கூடத்தில் சூடடித்த பூரணத்துக்கு

என் அருமைப் பூரணம் மச்சிக்கு,

வேலி ஓட்டைக்கு இந்தப் பக்கமிருந்து கனகம் எழுதிக்கொள்வது. உன் முப்பத்தோராம் நாள் காரியமெல்லாம் நல்லபடியாக நடந்தது. வந்தவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். கத்தரிக்காய்க் கறிக்கு உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது. நீ அடுப்படியில் நின்றிருந்தால் சமைத்தவளை ஊருக்கே கேட்கத் திட்டியிருப்பாய். யாரும் திட்டவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

போன கிழமை ஒரு காரியம் நடந்தது. அக்கரையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருவானே சின்னத்தம்பி, அவன் காய்ச்சலில் கிடந்ததால் நம் பக்கம் வந்து கனகாலம். உன் செய்தி அவனுக்கு எட்டியிருக்கவில்லை. வழக்கம்போல உன் வாசல் படலையில் வந்து நின்று மணியடித்தான்.

"பூரணக்கா, கொடுவா இரிக்கி. இறாலும் இரிக்கி. வாங்க கெதியா."

நான் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவன் என்னைக் கண்டுவிட்டுக் கேட்டான்: "பூரணக்கா இல்லையா ரீச்சர்?"

மச்சி, முப்பது வருசத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய் இது. அந்த ஒரு கேள்விக்கு 'ஓம், இல்லை' என்று சொல்ல வரவில்லை. "இஞ்சால வாங்க தம்பி, மீன நான் எடுக்கிறன்" என்று மட்டும் சொன்னேன். அவன் உன் படலையில் சாவுக்குக் கட்டி வாடித் தொங்கிய குருத்தோலையைப் பார்த்தான். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் பக்கம் வந்தான்.

எனக்கு ஏன் வாய் வரவில்லை என்று உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை எட்டிப் பார்த்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்த கதையையே உனக்குச் சொல்லப் போகிறேன். நடுவில் குறுக்கே பேசாமல் கேள், இந்த ஒரு தடவையாவது.

நம் தில்லந்துறையைப் படத்தில் தேடினால் கிடைக்காது. பாதை என்று நாம் சொல்லும் மிதவையில் ஏறி ஆற்றைக் கடந்து வந்து இறங்கும் துறை, துறையில் ஒரு புளியமரம், அங்கிருந்து கோயில் வரைக்கும் ஒரு மணல் தெரு, தெருவின் இரண்டு பக்கமும் வீடுகள், கடைசியில் அரைச்சுவர் வைத்த பள்ளிக்கூடம். அவ்வளவுதான் ஊர். அதற்கு அப்பால் வட்டை தொடங்கிவிடும். எங்கள் பக்கத்தில் வயல்வெளியை வட்டை என்றுதான் சொல்வோம். அந்த வட்டை மேற்கே மலை நிழல் தெரியும் வரைக்கும் கிடக்கும்.

சூரியன் அக்கரையில் எழும்பும், நம் கரையில் படும். அதனால் அது எழுவான்கரை, இது படுவான்கரை. பேர் வைத்தவர்கள் பெரிய யோசனையெல்லாம் செய்யவில்லை, கண்டதைச் சொன்னார்கள். மார்கழியில் ஆறு பெருகி வந்து புளியமரத்தின் வேரை நனைக்கும். தையில் வட்டை முழுக்கப் பச்சை. மாசி பிறந்தால் அதே வட்டை மஞ்சளாகி, பின்னேரத்தில் பார்க்கக் கண் கூசும். துறையில் நிற்கும் தில்லை மரத்தின் பால் பட்டால் கண் போய்விடும் என்று பிள்ளைகள் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். மற்றக் கண்ணால் வழி பார்ப்பார்கள். நாமும் அப்படித்தான் ஓடினோம்.

நான் ஆசிரியப் பயிற்சிக்கென்று வெளியூர் போய்விட்டு வரும்போதெல்லாம் உன்னிடம் அந்த ஊர்களின் புதினம் சொல்வேன். மின்சாரம், மாடிவீடு, சினிமாக் கொட்டகை. நீ வெற்றிலையை மென்றபடி கேட்டுவிட்டுச் சொல்வாய்: "நம்மட ஊர் ஒரு பாய் விரிச்ச அளவுதான். ஆனா பாயில படுத்தாத்தான்கா நித்திர வரும்." வேறு யாரும் நம் ஊரை இதைவிட நன்றாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த ஊர்தான் ஒரு மாசியில் போகப் பார்த்தது.

சண்டைக் காலம். யார் யாரைத் தேடினார்கள், யாருக்கு யார் பயந்தார்கள் என்றெல்லாம் எழுதத் தொடங்கினால் இந்தக் கடிதம் உன்னைப் பற்றியதாக இருக்காது. ஆண்கள் ஊரில் தங்க முடியாமல் போனது. பலர் அக்கரைக்குப் போய் அங்கே ஒரு முகாமில் இருந்தார்கள். சிலர் காட்டுப் பக்கம் போனார்கள். நம் பள்ளிக்கூடத்து அதிபரும் பூட்டுத் திறப்பை என் கையில் தந்துவிட்டுப் பாதையேறிவிட்டார். உன் புருசன், உன் மகள் மலர் வயிற்றில் இருக்கும்போதே பாம்பு கடித்துப் போன மனிதன், அதனால் உனக்கு அந்த வகையில் இழக்க மிச்சம் ஒன்றும் கிடையாது என்று நீயே சொல்லிக்கொள்வாய்.

எனக்கு இருந்தது. என் புருசன், உன் அண்ணன். உழவு மிசினுக்கு டீசல் கிடையாது, நெல்லுச் சூடடிக்க எருமைக் கடாக்களாவது வேண்டும் என்று உன்னிச்சைப் பக்கம் போனார். போகும்போது என் கையால் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, கோப்பையை வேலிக் கம்பில் கவிழ்த்துவிட்டுப் போனார். அந்த வழியைத்தான் நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வட்டையில் நெல் வேளாண்மை முற்றிவிட்டது. மனிதர்களுக்காகக் காத்திருக்கும் பழக்கம் நெல்லுக்குக் கிடையாது. ஊரில் மிஞ்சியிருந்த நாங்கள் புளியமரத்தடியில் கூடினோம். எல்லாரும் அக்கரை முகாமுக்கே போய்விடுவோம் என்ற பேச்சுத்தான் அன்றைக்கு மேலோங்கி நின்றது. எனக்கும் அந்த எண்ணம்தான். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாய்.

"போறவங்க போகலாம். நான் மறிக்கல்ல. ஆனா நெல்ல வட்டைக்குள்ள உட்டுட்டுப் போனா வாற மாரிக்கு விதநெல்லு எங்க எடுப்பீங்க? விதைக்காத வட்டைக்குள்ள கோரை முளைக்கும். கோரைக்குப் பின்னால ஆனை வரும். மறுகா நீங்க திரும்பி வந்து 'எங்கட ஊர் எங்க' எண்டு ஆனைக்கிட்டத்தான் கேக்கணும்."

யாரோ சிரித்தார்கள். சிரித்ததும் கூட்டத்தின் பயம் கொஞ்சம் இறங்கியது. அடுத்த நாள் விடிய எல்லாப் பெண்களும் அரிவாளோடு வந்தார்கள். நானும் வந்தேன். சோக்குக் கட்டி பிடித்த என் கையைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை.

வெட்டும்போது மேலே ஹெலி வந்தால் எல்லாரும் குந்திவிடுவோம். ஒரு நாள் அது தாழப் பறந்தது. பயத்தில் ஒருத்தி அழத் தொடங்கினாள். நீ உன் வெள்ளைச் சீலையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு சொன்னாய்: "நாளைக்கு எல்லாரும் என்னப்போல வெள்ளச் சீல உடுத்துக்கு வாங்க. கொக்குக் கூட்டமெண்டு நினைச்சுப் போயிருவான்." அழுதவளே அதற்குச் சிரித்துவிட்டாள். கைம்பெண் சீலையை வைத்து இப்படிப் பகிடி பண்ண உன்னால்தான் முடியும்.

வெட்டி முடிந்தது, கட்டிக் குவித்தும் ஆயிற்று. கதிர்க் கட்டுகளை அடுக்கிய போரைத்தான் சூடு என்போம். இனி அந்தச் சூட்டை அடித்து நெல்லைப் பிரிக்க வேண்டும். அங்கேதான் காரியம் முட்டியது.

சூடடிக்கும் களத்துக்குப் பேர் களவெட்டி. அது கோயில் மாதிரி. செருப்போடு போகக் கூடாது, கண்டபடி பேசக் கூடாது, பெண்கள் கால் வைக்கவே கூடாது. 'இல்லை', 'காணாது', 'முடிந்தது' என்ற சொற்களை ஆண்களும் அங்கே சொல்ல மாட்டார்கள். சொன்னால் நெல் குறைந்துவிடும் என்று பயம். சாக்கு வெறுமையாக இருந்தாலும் 'பொலியட்டும்' என்றுதான் சொல்வார்கள். பெருகட்டும் என்று அர்த்தம். வட்டையில் வேலை நடத்துகிறவரை முல்லைக்காரர் என்போம். நம் முல்லைக்காரர் வயசாளி என்பதால் ஊரிலேயே தங்கியிருந்தார். பெண்கள் களவெட்டிப் பக்கம் வருவதைக் கண்டு கைத்தடியைக் குறுக்கே நீட்டினார்.

"களவெட்டிக்குள்ள பொம்பிள கால் வச்சா பொலி இறங்கிப் போகும் புள்ள. இத நான் சொல்லல்ல, வழிவழியாச் சொல்லி வந்தது."

"அப்ப ஆரு மாமா அடிக்கிற? நீங்க ஒராளா?" என்று கேட்டாய் நீ.

"மழை வந்து நனைஞ்சாலும் பரவால்ல. பழக்கத்த மீற ஏலா."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண்களில் பாதிப் பேருக்கும் அதே பயம்தான். எனக்கும் இருந்தது. கிழக்கே கடல் பக்கம் மேகம் கறுத்து வந்துகொண்டிருந்தது. ஒரு மழை போதும், சூடு முழுக்க முளைத்துவிடும். நீ மேகத்தைப் பார்த்தாய், களவெட்டியைப் பார்த்தாய், பிறகு திரும்பி என் இடுப்பைப் பார்த்தாய். என் சீலை முடிச்சில் பள்ளிக்கூடத் திறப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

"சரி மாமா. நாங்க களவெட்டிக்கு வரல்ல. நாங்க பள்ளிக்கூடத்துக்குப் போறம். பள்ளிக்கூடத்துக்குப் பொம்பிள போகப்படா எண்டு வழிவழியா ஆரும் சொன்னதா?"

அவர் திகைத்துப் போனார். "பள்ளிக்கூடத்துக்குள்ள சூடடிக்கிறதா? சரஸ்வதிக்குக் கோவம் வரும் புள்ள."

"சரஸ்வதியும் பொம்பிளதானே மாமா. பசிச்ச புள்ளைக்கு அவவாலயும் படிப்பிக்க ஏலா."

பழக்கத்தையும் நீ மீறவில்லை, நெல்லையும் விடவில்லை. அந்த மனிதரின் முகத்தையும் கெடுக்கவில்லை. இவ்வளவையும் ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்தில் யோசித்தாய். நான் பயிற்சிக் கலாசாலையில் படித்து வந்தவள், என் இடுப்பில் தொங்கிய திறப்பு எனக்கே ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த மதிப்பு இன்று வரைக்கும் ஒரு பிடி குறையவில்லை என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன். நீ உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால் தலையில் ஏறி உட்கார்ந்திருப்பாய்.

"அதிபர் வந்து கேட்டா நான் என்ன சொல்லுற மச்சி?" என்று கேட்டேன்.

"கணக்குப் பாடம் நடத்தின எண்டு சொல்லு."

வட்டையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குத் தலைச்சுமையாகக் கட்டுகள் வந்தன. வரம்பால் நடந்தோம். தூரத்து வயல் கட்டுகளைத் தோணியில் ஏற்றி ஆற்றோரமாகக் கொண்டுவந்தோம். நீ மட்டும் தோணியில் ஏறவே மாட்டேன் என்று முழங்கால் சேற்றில் நடந்தாய். ஆனைக்குப் பயப்படாதவள், ஹெலிக்குப் பயப்படாதவள், தோணி ஆடினால் கண்ணை மூடிக்கொள்வாய். ஆற்றங்கரையில் பிறந்து தண்ணீருக்குப் பயந்த ஒரே மனுசி நீதான்.

வகுப்பில் பிள்ளைகள் இருக்கும் வாங்குகளைக் கவிழ்த்துப் போட்டோம். சீமெந்து நிலத்தில் படங்கு விரித்தோம். கடா கிடையாது, மிசின் கிடையாது. கதிர்ப் பிடியைத் தூக்கி வாங்கின் விளிம்பில் அடித்தால் நெல் சரசரவென்று உதிரும். மிச்சத்தை அரைச்சுவரைப் பிடித்துக்கொண்டு காலால் உழக்கினோம். கரும்பலகையில் நான் கடைசியாக எழுதி வைத்த அ, ஆ எல்லாம் தூசியில் மறைந்துவிட்டன. பிள்ளைகள் வாசலில் நின்று, நாங்கள் வகுப்பில் சத்தம் போடுவதை ஆச்சரியமாகப் பார்த்தார்கள்.

முதல் பிடியை அடிக்கும் முன்னால் நீ எல்லாரையும் நிற்கச் சொன்னாய்.

"களவெட்டிச் சட்டமெல்லாம் வட்டைக்குள்ளயே கிடக்கட்டும். ஒண்ட மட்டும் நான் இஞ்ச கொண்டு வந்திரிக்கன். இந்த வேல முடியுமட்டும் ஆரும் 'இல்ல' எண்டு சொல்லப்படா. 'காணா' எண்டும் சொல்லப்படா. வாய்க்குள்ள வந்தா முழுங்கிப்போட்டு 'பொலியட்டும்' எண்டு சொல்லுங்க."

நெல்லுக்காகத்தான் சொல்கிறாய் என்று நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த அறையில் நின்ற பெண்களை எண்ணிப் பார், மச்சி. புருசன் எங்கே என்று தெரியாதவள், மகன் எங்கே என்று தெரியாதவள், தகவலுக்குக் காத்திருக்கிறவள். காலையில் கண்டால் முதல் கேள்வியே "இன்னும் ஒரு தகவலும் இல்லையா?" என்பதாகத்தான் இருக்கும். கேட்கிறவள் அன்பாகத்தான் கேட்பாள். கேட்கப்படுகிறவளுக்குத்தான் அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாக ஏறும்.

அந்தக் கேள்வி நின்றுபோனது. பக்கத்தில் நின்று அடித்துக்கொண்டிருந்த, புதிதாகக் கலியாணம் கட்டிய ஒரு பிள்ளை என்னிடம் "ரீச்சர், உங்கட அவர் இன்னும்…" என்று தொடங்கினாள். தொடங்கியதும் உன் முகத்தைப் பார்த்தாள். எச்சிலை விழுங்கிக்கொண்டு "பொலியட்டும் ரீச்சர்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அழுதபடியே கதிரை அடித்தேன். அவர் போன நாளிலிருந்து அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

மழை பிடித்தபோது பாதி நெல் உள்ளே குவிந்திருந்தது. மிச்சக் கட்டுகளும் கூரைக்குள் வந்துவிட்டன. ஓட்டில் மழை கொட்டுகிறது, உள்ளே நெல் காய்ந்து கிடக்கிறது. அப்போதுதான் முல்லைக்காரர் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அரைச்சுவருக்கு வெளியே நனைந்தபடி நின்றார்.

"உள்ளுக்க வரலாமா புள்ள?"

"வாங்க மாமா. இது களவெட்டி இ…" என்று தொடங்கி நீ நாக்கைக் கடித்துக்கொண்டாய். எல்லாரும் கொல்லென்று சிரித்தோம். சட்டம் போட்டவள் மாட்டப் பார்த்தாள் அல்லவா. "இது பள்ளிக்கூடம் மாமா, ஆரும் வரலாம்" என்று திருத்திச் சொன்னாய்.

அவர் குந்தியிருந்து நெல்லை ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "இத்தின காலமும் மழைக்குப் பயந்து சூட்டுக்குக் காவலிருந்தம். கூரைக்குள்ள கொண்டு வரலாமெண்டு ஒருத்தனுக்கும் தோணல்ல பாரு." சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்து மூலையில் சிதறிய நெல்லைக் கூட்டத் தொடங்கினார். மிச்ச வேலை முடியும்வரை தினமும் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்ற மறக்கவே மாட்டார்.

பங்கு போடும் நாள் வந்தது. விதைநெல்லை முதலில் ஒதுக்கி அதிபரின் அறைக்குள் வைத்துப் பூட்டினோம். மிச்சத்தை முல்லைக்காரர் மரைக்காலால் அளந்தார். நீ வீட்டுக்கு வீடு பேர் சொல்லிக் கூப்பிட்டாய். வெட்டியவர்களுக்கு, சுமந்தவர்களுக்கு, வயிற்றுப்பிள்ளையோடு வர முடியாமல் கிடந்தவளுக்கு, ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவர்களின் வீட்டுக்கு. 'எனக்குக் காணாது' என்று ஒருத்தியும் சொல்ல முடியாது, சட்டம் அப்படி. பங்கு போடும் இடத்தில் சண்டை வராமல் நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அன்று பின்னேரம் ஊர் முழுக்க உலக்கைச் சத்தம். எத்தனையோ நாள் கழித்து நம் தெருவில் புது நெல் குத்தும் மணம். நானும் குத்தினேன். குத்திக்கொண்டே காதைக் கொடுத்துக் கேட்டேன். எல்லா வீட்டிலும் சத்தம் வருகிறது, வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும் ஒரு சத்தமும் கிடையாது. ஓட்டையால் புகுந்து வந்தேன். மலர் அடுப்படியில் குந்தி அவித்த மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தாள்.

"என்ன மச்சி, நெல்லுக் குத்தல்லையா? உன்ட பங்கு எங்க?"

நீ வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாய். பிறகு முகட்டைப் பார்த்துக்கொண்டு "பொலியட்டும்" என்றாய்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஊரில் உள்ள எல்லாப் பேரையும் கூப்பிட்ட மனுசி தன் பேரைக் கூப்பிட மறந்துவிட்டாள். குவியல் தீர்ந்து நிலம் தெரிந்த பிறகுதான் உனக்கே ஞாபகம் வந்திருக்கிறது. அதற்குள் உன் சட்டம் உன் வாயைக் கட்டிவிட்டது.

"என்ட சட்டம் என்னையே புடிச்சிட்டுது கனகம்" என்று சொல்லிச் சிரித்தாய்.

எனக்குக் கோபம் வந்தது. "விசரி, ஒரு சொல்லுச் சொன்னா எல்லாரும் ஆளுக்கு ஒரு புடி திருப்பித் தந்திரிப்பாங்களே."

"எப்பிடிகா சொல்லுற? எனக்கு இல்ல எண்டுதானே சொல்லணும். சட்டம் போட்ட நானே அம்புட்டுப் பேருக்கு முன்னால அந்தச் சொல்லச் சொன்னா, நாளைக்கு ஒருத்தி வந்து உன்ட முகத்துக்கு முன்னால சொல்லுவாள். அண்ணனப் பத்தி. அத நான் கேக்க மாட்டன்."

மச்சி, நீ அந்தச் சட்டத்தை யாருக்காகக் கொண்டுவந்தாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நெல்லுக்கும்தான், ஊருக்கும்தான். ஆனால் முதலில் எனக்கு. அதற்காக உன் பிள்ளைக்குக் கிழங்கு அவித்துக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு இருந்தாய்.

என் சாக்கை அந்த ஓட்டையாலேயே இழுத்து வந்தேன். ஒரே உரலில் இரண்டு பேரும் மாறி மாறிக் குத்தினோம். அன்றைக்கு இரண்டு வீட்டுக்கும் ஒரே உலை வைத்தோம். அதற்குப் பிறகு பிரிக்க மனம் வரவில்லை. மலர் உன் வீட்டில் பிறந்து என் அடுப்பில் வளர்ந்தாள். பிள்ளை பெறாத எனக்கு இது பெரிய வரவு.

சிலர் அக்கரைக்குப் போனார்கள், ஆனால் நெல் இங்கே இருந்ததால் திரும்பி வந்தார்கள். அடுத்த மாரிக்கு வட்டை விதைத்துப் பச்சையானது. அதற்குப் பிறகும் இந்த ஊர் எத்தனை தடவை கலைந்து கூடியது. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து விதைக்க ஒரு பிடி இருந்தது.

இப்போதைய புதினம் சொல்கிறேன். பாதைக்கு இஞ்சின் பூட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு மாடிக் கட்டடம் வந்துவிட்டது, அரைச்சுவர் மண்டபம் மட்டும் பழையபடி நிற்கிறது. வட்டைக்குள் வெட்டு மிசின் இறங்கினால் ஒரே ஓட்டத்தில் வெட்டி, அடித்து, சாக்கில் கொட்டிவிட்டுப் போகிறது. நீ சொன்ன ஆனை மின்சார வேலிக்கு அந்தப் பக்கம் நின்று யோசிக்கிறது. பின்னேரத்தில் வட்டை மஞ்சளாகும்போது மட்டும் எதுவும் மாறவில்லை, இன்றைக்கும் கண் கூசுகிறது. இந்த அழகை உன்னிடம் சொல்லி ஒரு ஏச்சு வாங்கவும் ஆள் தேடவேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் உன் கடைசி நாட்களில் நீ யாரையும் அடையாளம் காணவில்லை என்று தாதிப் பிள்ளை சொன்னாள். அது பொய். ஒரு பின்னேரம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துத் தெளிவாகக் கேட்டாய்: "அண்ணன் வந்திட்டாராகா?"

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு "பொலியட்டும் மச்சி" என்றேன்.

உன் உதடு சிரித்தது. "உனக்கு இன்னும் சூடடிச்சு முடியல்லையா?" என்றாய். அதற்குப் பிறகு நீ பேசியது எனக்கு விளங்கவில்லை.

அவர் வருவார் என்று நீ உண்மையிலேயே நம்பினாயா? இல்லாவிட்டால் என்னை விழாமல் பிடிக்கத்தான் அவ்வளவு காலமும் அந்தச் சட்டத்தை வைத்திருந்தாயா? கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இப்போது நீ போயிருக்கும் இடத்தில் அவரைக் கண்டாயா? கண்டிருந்தால்… வேண்டாம் மச்சி, எனக்குச் சொல்லாதே.

நேற்று கோயில் வயல் நெல்லைப் பங்கு போட்டார்கள். மாதர் சங்கத்துக்கு இப்போது மலர்தான் தலைவி. அதே அரைச்சுவர் மண்டபத்தில் நின்று, உன்னைப்போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு பேர் கூப்பிடுகிறாள். நான் எழும்பிப் போய் அவளுடைய சாக்கை எடுத்து முன்னால் வைத்தேன். "முதல் இத நிரப்பு புள்ள. மறுகா மத்தவங்க."

"என்ன மாமி, ஆக்கள் பார்த்துக்கு நிக்காங்க" என்று வெட்கப்பட்டாள்.

அந்த இடத்திலேயே எல்லாருக்கும் உன் கதையைச் சொன்னேன். நீ பங்கில்லாமல் போய்க் கிழங்கு அவித்த கதையை. இளம் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த மாசியில் வாங்கில் கதிர் அடித்தவர்களில் மிஞ்சியிருக்கும் கிழவிகள் அழுதார்கள். மலர் குனிந்து தன் சாக்கைப் பிடித்தாள், நான் அளந்து கொட்டினேன்.

மீன்காரச் சின்னத்தம்பியிடமும் சொல்லிவிட்டேன். அவன் இன்று காலை என் படலைக்குத்தான் வந்தான். "அங்க போய் நில்லுங்க தம்பி, எப்பவும்போல பூரணக்காட படலையில மணியடிங்க. ரெண்டு வீட்டுக்கும் ஒரே சட்டிதானே" என்றேன். அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய் உன் படலையில் மணியடித்தான். நான் வேலி ஓட்டையால் புகுந்து வந்து, உன் முற்றத்தில் நின்று மீன் வாங்கினேன்.

இதுதான் உனக்கு நான் தரும் வாக்கு. எனக்கு நடக்க ஏலுமட்டும் இந்த ஊரில் எந்தப் பங்கு நடந்தாலும் நான் போய் முன்னால் இருப்பேன், பங்கு போடுகிறவளின் சாக்கு நிரம்பாமல் எழும்ப மாட்டேன். உன் அண்ணனைப் பற்றியோ உன்னைப் பற்றியோ யார் வந்து கேட்டாலும் அந்தச் சொல்லை என் வாயால் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு என்ன பதில் சொல்வேன் என்று உனக்குத் தெரியும்.

உன் அண்ணனின் பெண்சாதி,
உன் மாமி மகள், உன் உலையில் பாதிக்காரி,
கனகம்
தில்லந்துறை